கிள்ளிய கொழுந்து

டார்லின் திருடியது ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதை எடுக்க அவளுக்கு ஆனது ஒரு தும்மல் போடுகிற நேரம். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க ஐந்து மாதம் ஆகிவிட்டது. அந்த ஐந்து மாதத்தில் நடக்கக் கூடாததெல்லாம் நடந்துவிட்டது.

முதலில் அந்தச் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், தாமிரபரணிக்கு இறங்குகிற ஒரு தெருவில் டார்லினின் வீடு இருக்கிறது. மாடி வீடு. எதிர்வீடு அவளுடைய தோழி சித்ரலேகாவுடையது. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. சித்ரலேகாவின் அப்பா சங்கர் தாலுகா ஆபீஸில் கிளார்க். அம்மா பெயர் ஞானம்பாள். சொந்தம் இல்லை என்றாலும் டார்லினுக்கு அவர்கள் மாமா, அத்தை.

ஞானம்பாள் அத்தையின் வாசற்படியிலும் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலும் பதினோரு கோலியஸ் செடிகள் இருந்தன. பூந்தொட்டி என்று பார்த்தால் இரண்டே இரண்டுதான். மற்றதெல்லாம் பெயின்ட் வாளி, உடைந்த குடம், கைப்பிடி போன குக்கர். தெருவில் எல்லோரும் அவற்றைக் குரோட்டன்ஸ் என்றுதான் சொன்னார்கள். இலை கலராக இருந்தால் நம் ஊரில் எல்லாமே குரோட்டன்ஸ்தானே. அத்தை மட்டும் சளைக்காமல், "குரோட்டன்ஸ் இல்ல, கோலியஸ்" என்று ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருப்பார்.

ஒன்று கிளிப்பச்சை. ஒன்று செங்கல் நிறம். ஒன்றில் பச்சை மேல் யாரோ மையைத் தெளித்துவிட்டதுபோலப் புள்ளிகள். எல்லாவற்றிலும் அழகானது படியோரம் பெயின்ட் வாளியில் இருந்தது. இலை முழுக்கக் கருஞ்சிவப்பு, ஓரத்தில் நூல் போலப் பச்சை, நடு நரம்பில் மட்டும் பளிச்சென்று ரோஸ் நிறம். அதற்கு அத்தை வைத்த பெயர் 'ரோஸ் கோடு'.

இந்தச் செடிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் போதும், சாயங்காலம் எல்லா இலையும் தொங்கிப்போய், செத்தே விட்டது என்று நம்மை நம்ப வைத்துவிடும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நிற்கும். "நாடகக்காரிகளா" என்று அத்தை அவற்றைத் திட்டுவார். திட்டிக்கொண்டே தண்ணீரும் ஊற்றுவார்.

இன்னொரு வேடிக்கை, அத்தை அவற்றைப் பூக்க விடமாட்டார். நுனியில் ஊதா நிறத்தில் ஒல்லியாக ஒரு பூக்கதிர் எட்டிப் பார்த்தால் உடனே கிள்ளிவிடுவார். பூ விட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும், இலை சிறுத்துச் செடி குச்சி குச்சியாகிவிடும் என்பார். ஊரெல்லாம் பூவைக் காசு கொடுத்து வாங்க, பூவைக் கிள்ளித் தூரப் போடுகிற ஒரே வீடு இதுதான் என்று டார்லினின் அம்மா ஸ்வீட்லின் கேலி செய்வாள்.

டார்லினுக்கு 'ரோஸ் கோடு' வேண்டும். ரொம்பவே வேண்டும். கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் கேட்டதற்கு, இப்போதுதான் துளிர்க்கிறது, ஆவணிக்கு மேல் வாருங்கள் என்று அத்தை சொல்லியிருந்தார். ஆவணி வர இன்னும் எத்தனை நாள் கிடந்தது. அது போக, மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்பது ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் எல்லோரும் சத்தியம் செய்கிற விஷயம். மணி பிளான்ட்டுக்கு உள்ளது கோலியஸுக்கும் இருக்காதா?

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. சித்ரலேகா தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். டார்லின் குனிந்தாள். கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு கிள்ளு. ரோஸ் கோட்டின் நடுக்கொழுந்து அவள் கைக்குள் வந்துவிட்டது. அதை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினாள். சித்ரலேகா வெளியே வந்தபோது டார்லின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டில் வைத்தால் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்பாள். அதனால் மொட்டை மாடிக்குக் கொண்டு போனாள். அங்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. பெரியவர்கள் யாரும் அதில் நுழைய முடியாது. வெயிலும் நேராக அடிக்காது, வெளிச்சம் மட்டும் வரும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொழுந்தைப் போட்டாள். எட்டாம் நாள் நூல் நூலாக வெள்ளை வேர் விட்டிருந்தது. ஒரு உடைந்த பிளாஸ்டிக் மக்கில் மண் நிரப்பி நட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. சந்தோஷத்தைச் சொல்ல வேண்டிய ஆளிடம்தான் திருடியிருந்தாள்.

திருடிய மறுநாளே சித்ரலேகா கோபமாக வந்து சொன்னாள். ரோஸ் கோட்டின் நடுக்கொழுந்தை யாரோ கிள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அம்மா திட்டுவாள் என்று பார்த்தால், குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"ஆடா இருக்கும்" என்றாள் டார்லின்.

"ஆடு ஒத்தக் கொழுந்தக் கடிச்சிட்டுப் போயிருமாக்கும்?" என்றாள் சித்ரலேகா.

டார்லின் அதற்குமேல் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்து சொல்லலாம் என்றிருந்தாள். ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. புரட்டாசி முடியும்போது ஞானம்பாள் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டு மருந்து, பிறகு ஆஸ்பத்திரி. ஐப்பசி பிறந்து நாலாவது நாள் அத்தையை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அத்தை கண் திறக்கவில்லை.

தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். டார்லின் படியோரம் நின்றாள். ரோஸ் கோடு தண்ணீர் இல்லாமல் தலை தொங்கிக் கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. டார்லின் வீட்டுக்கு ஓடி ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். அரை மணியில் அது நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும்தான் டார்லினுக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்கவும் இனி ஆள் இல்லை.

அதற்குப் பிறகு செடிகளைச் சித்ரலேகாதான் பார்த்துக்கொண்டாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். பள்ளி விட்டதும் ஒவ்வொரு செடியாகத் தண்ணீர் ஊற்றி, பூக்கதிர் வந்திருக்கிறதா என்று நுனி நுனியாகத் தேடிக் கிள்ளுவாள். கிள்ளும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வாள். அத்தையும் அப்படித்தான் செய்வார். பேச்சு குறைந்துவிட்டது, விளையாட வருவதில்லை. ஆனால் செடிகளுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். டார்லின் எதிரே தன் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலே மொட்டை மாடியில் தன் செடி இருக்கிற நினைப்பு அவளை நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

மார்கழி பிறந்த அன்றைக்கு மழை பிடித்தது. நம் ஊர் மழையாக அது இல்லை. விட்டு விட்டுப் பெய்வதெல்லாம் கிடையாது, ஒரே பிடியாக இரவும் பகலும் ஊற்றியது. மறுநாள் காலையில் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. முதலில் கணுக்கால் அளவு. பல் தேய்த்து முடிப்பதற்குள் முழங்கால். சங்கர் மாமா சித்ரலேகாவை ஒரு தோளில் தூக்கிக்கொண்டு, மறு தோளில் ஒரு பையோடு தண்ணீரில் தடுமாறித் தடுமாறி டார்லின் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தார். பையில் ரேஷன் கார்டு, சித்ரலேகாவின் சான்றிதழ்கள், அத்தையின் போட்டோ ஒன்று.

சித்ரலேகா ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் தண்ணீருக்குள் போயிருந்தது. பெயின்ட் வாளி ஒன்று மட்டும் சாய்ந்து மிதந்து, கேட்டில் முட்டி, திரும்பி, தெருவோடு போனது. உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு செடியையாவது எடுத்திருக்கலாம்லா."

"கையில எடம் இல்ல, மக்ளே" என்றார் மாமா. "அம்மா போட்டோவ எடுத்துட்டு வந்திருக்கேன் பாரு."

"போட்டோ ஆச்சி வீட்டுலயும் இருக்கு, சித்தி வீட்டுலயும் இருக்கு. செடி எங்கன இருக்கு?"

மாமா போட்டோவைத் துடைத்துத் திரும்பப் பையில் வைத்தார். அந்த வார்த்தையோடு சித்ரலேகா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

டார்லின் பின்னால் நின்றாள். 'எங்கன இருக்கு' என்ற கேள்விக்கு அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவர்கள் தலைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வாயைத் திறந்தாள். 'எப்படி அங்கே வந்தது?' என்று அடுத்து கேட்பார்களே என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் மேல் அவளுக்கே வந்த வெறுப்பைச் சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. தெருவெல்லாம் முழங்கால் சேறு. எதிர்வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. மெத்தை, புத்தகம், மிக்சி, அரிசி எல்லாவற்றையும் வாசலில் அள்ளிப் போட்டார்கள். அத்தையின் புடவைகளையும் சேற்றோடு சுருட்டித்தான் வெளியே எடுத்தார்கள். பதினோரு செடியில் ஒன்று கோயில் தெரு முனையில் விளக்குக் கம்பத்தடியில் சிக்கியிருந்தது. சித்ரலேகா அதை எடுத்து வந்து கழுவிப் பார்த்தாள். கையிலேயே கூழாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் படியில் உட்கார்ந்தே இருந்தாள். சாப்பாட்டைக் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். பிறகு பார்த்தால் அது அப்படியே இருக்கும். டார்லின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்காரவும் மாட்டாள், பேசவும் மாட்டாள்.

இதற்கு நடுவே சங்கர் மாமா ஒரு புது வேலை செய்யத் தொடங்கினார். அதைப் பார்த்துத்தான் டார்லின் பயந்தாள்.

காலையில் வீட்டைக் கழுவிவிட்டு, அவர் தெருத் தெருவாக நடப்பார். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நிற்பார். ஜன்னல் திண்டு, படி, கைப்பிடிச் சுவர் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். ஏதாவது கேட்டால் சும்மா என்பார். பெண்டாட்டி போன துக்கத்தில், வெள்ளமும் சேர்ந்து, பாவம் மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் டார்லின் வீட்டுப் படியேறி வந்தார்.

"மாடியில செடி கிடி ஏதும் வச்சிருக்கியளா?" என்று ஸ்வீட்லினிடம் கேட்டார்.

"இல்லயே அண்ணாச்சி. தண்ணித் தொட்டிதான் கெடக்கு."

அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. டார்லின் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா திருடனைத் தேடுகிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆடியில் கிள்ளியது யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டார். போலீஸ் வருமா? பள்ளியில் சொல்வார்களா? ஞாயிறு பள்ளியில் இந்த வருடம் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள் அவள். அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களா?

மாமா இறங்கிப் போனதும் மொட்டை மாடிக்கு ஓடினாள். மழை தொடங்கியதிலிருந்து அவள் அங்கே போகவில்லை.

ரோஸ் கோடு தலை தொங்கிக் கிடந்தது. தாகம் என்று நினைத்து மக்கைத் தொட்டாள். விளிம்பு வரைக்கும் தண்ணீர். ஈரத்திலேயே நின்றும் வாடியிருக்கிறது. இது நாடகம் இல்லை. மண்ணோடு சேர்ந்த இடத்தில் தண்டு கறுத்து, தொட்டால் விரல் உள்ளே போனது. அழுகல் கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

டார்லின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. நல்ல நினைப்பு இல்லை. இப்படியே விட்டுவிட்டுக் கீழே போனால் போதும். இரண்டு நாளில் செடி தானே அழுகிவிடும். மக்கைத் தூக்கித் தெருக் குப்பையில் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மாமா எத்தனை தெரு சுற்றினாலும் திருடன் கிடைக்க மாட்டான்.

கீழே எட்டிப் பார்த்தாள். சித்ரலேகா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு. அதில் காக்கா ஒன்று கொத்திக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டவும் இல்லை.

டார்லின் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

அத்தை எப்படி வெட்டுவார் என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இலை பிரிகிற கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், தண்ணீருக்குள் இலை கிடந்தால் அழுகிவிடும். நடுவில் ஒரு தடவை அத்தையைப் பார்த்து அவளும் நுனியைக் கிள்ளியிருந்ததால் செடி கிளை விட்டிருந்தது; அதில் கறுப்பு ஏறாத கிளைகள் மூன்றே மூன்றுதான் இருந்தன. மூன்றையும் வெட்டினாள். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடி எடுத்தாள்.

தண்ணீர்? குழாயில் வந்தது சேற்றுத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது, வீட்டுக்கு இரண்டு குடம். அம்மா ஆளுக்கு இவ்வளவு என்று பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். டார்லின் தன் பாட்டிலிலிருந்து பாதியைச் செடிக்கு ஊற்றினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றினாள். அந்த நாட்களில் நாக்கு வறண்டது. வறளட்டும் என்றிருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு கொழுந்து அழுகியது. கிறிஸ்துமஸ் வந்தது. கோயிலுக்குப் போனார்கள், ஆராதனை நடந்தது, பாட்டுப் பாடினார்கள். புதுத்துணி இல்லை, கேக் இல்லை. மாடியில் கட்டிய நட்சத்திரத்தில் மழைத் தண்ணீர் நிறைந்து கிழிந்து தொங்கியது. டார்லின் கண்ணை மூடி ஜெபம் செய்தாள், தனக்காக இல்லை, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்காக. அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் இரண்டாவது கொழுந்தும் அழுகியிருந்தது.

மிச்சம் இருந்தது ஒன்று. ஒல்லியானது. நாலே நாலு இலை. அதன் ரோஸ் கோடுகூட வெளுத்திருந்தது. டார்லின் தினமும் காலையில் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. ஒன்பதாம் நாள், கணுவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு புள்ளி. மறுநாள் அது முடி அளவு நீண்டது. பன்னிரண்டாம் நாள் ஐந்து வேர்கள்.

இனி காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பயத்தோடேயே பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். எப்போதும் தாவித் தாவி இறங்குகிற படி அது. அன்றைக்கு ஒவ்வொரு படியாகப் பைய இறங்கினாள்.

சித்ரலேகா படியில் இருந்தாள். டார்லின் பாட்டிலை அவள் முன்னால் வைத்தாள். சித்ரலேகா முதலில் சும்மா பார்த்தாள். பிறகு குனிந்தாள். பிறகு பாட்டிலை எடுத்து இலையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ரோஸ் கோடு" என்றாள். பல நாள் பேசாத குரல் கரகரத்தது. "இது ஏது?"

டார்லின் பேசத் தயாராக நிறைய வாக்கியங்கள் வைத்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"ஆடு இல்ல, சித்ரா. நாந்தான்."

சித்ரலேகாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டார்லின் மீதியையும் சொன்னாள். ஜியாமெட்ரி பாக்ஸ், தண்ணீர்த் தொட்டி, மக்கில் அழுகிய தண்டு, செத்துப்போன இரண்டு கொழுந்து, எதையும் விடவில்லை. விட்டுவிட நினைத்த நினைப்பைக்கூடச் சொன்னாள். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

சித்ரலேகா கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை.

"எங்கம்மா இருக்கும்போது நீ சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

டார்லின் அழுதாள். சித்ரலேகாவும் அழுதாள். ஆனால் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை, மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சத்தம் கேட்டுச் சங்கர் மாமா உள்ளேயிருந்து வந்தார். கையெல்லாம் சேறு. நனைந்த புத்தகங்களைப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

டார்லின் எழுந்து நின்றாள். போலீஸோ, பள்ளிக்கூடமோ, எதுவானாலும் வரட்டும் என்று நினைத்தாள்.

"நாந்தான் மாமா. நீங்க தேடுத திருடி நாந்தான்."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்க திருடியத் தேடுனேன், மக்ளே? நான் செடியத் தேடுனேன்."

பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னார். ஆடியில் கொழுந்து போன அன்றைக்கு அத்தை அந்தக் காம்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரியவர்கள் என்றால் கிளையோடு ஒடித்திருப்பார்கள், இதில் சின்ன நகம் பட்ட தடம் இருக்கிறது என்று சொன்னாராம். யாரென்று விசாரிக்கிறேன் என்று மாமா கிளம்பினாராம். அத்தை விடவில்லையாம்.

"ஏதோ ஒரு பிள்ள ஆசப்பட்டு எடுத்துட்டுப் போயிருக்கு. கேட்டா பயந்து தூரப் போட்டுரும். கேக்காதிய, அது எங்கனயாவது வளரட்டும். இதத்தாம்மா அவ சொன்னா." மாமா கண்ணைத் துடைத்தார், முகத்தில் சேறு அப்பிக்கொண்டது. "வெள்ளம் எல்லாத்தையும் கொண்டு போன பெறவுதான் எனக்கு அந்த ஞாபகம் வந்துது. அந்தப் பிள்ள வீட்டுல ஒருவேள பொழச்சிக் கெடந்தா? அதான் வீடு வீடாப் பாத்துட்டுத் திரிஞ்சேன். எதுக்குன்னு வாயத் தொறந்தா அந்தப் பிள்ள பயந்துருமேன்னு யாருட்டயும் சொல்லவும் இல்ல."

வெயில் கொஞ்சமாக அடித்தது. தெருவில் காய்ந்த சேறு தூசியாகப் பறந்தது. டார்லினுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது என்று சொல்ல முடியாது. அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தன் பெயரைத் தவிர. அவர் இருந்திருந்தால் ஒரு வார்த்தை திட்டியிருப்பார், கூடவே இரண்டு கொழுந்தும் கொடுத்திருப்பார். அதை நினைக்க நினைக்க இன்னும்தான் அழுகை வந்தது.

சித்ரலேகா மூக்கை உறிஞ்சினாள். பாட்டிலைத் தூக்கி வேரை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா, நல்ல மண்ணு எங்கன கெடைக்கும்?"

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருக்கிற சேற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு மண் தேடப் போனார். அன்றைக்குச் சித்ரலேகா மதியச் சோற்றைப் பாதியாவது சாப்பிட்டாள்.

தொட்டி கிடைக்கவில்லை. கைப்பிடி போன குக்கர் மட்டும் சேற்றுக்குள்ளிருந்து அகப்பட்டது. அதில்தான் நட்டார்கள். அடியில் தண்ணீர் நிற்காமல் இருக்க மாமா ஆணியால் நாலு ஓட்டை போட்டார். குக்கர் படியோரம் உட்கார்ந்தது, பழைய பெயின்ட் வாளி இருந்த அதே இடத்தில். பதினோரு செடி இருந்த வாசலில் ஒன்றே ஒன்று. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

சித்ரலேகா டார்லினோடு உடனே பழையபடி ஆகிவிடவில்லை. பள்ளி திறந்தபோது அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள், ஆனால் நடுவில் பையை வைத்துக்கொண்டாள். டார்லின் அந்தப் பையை நகர்த்தவில்லை. நகர்த்தும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் மட்டும் எதிர்ப்படியில் உட்கார்ந்து, குக்கரைப் பார்ப்பாள். பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் பெஞ்சில் அந்தப் பை இல்லை.

மாசி மாதம் வந்தது. ரோஸ் கோடு ஒரு முழம் வளர்ந்திருந்தது. இலையில் நிறம் திரும்பியிருந்தது. ஆனால் ஒரே குச்சியாக, கிளை விடாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கோலியஸ் அப்படித்தான். நுனிக் கொழுந்தைக் கிள்ளினால்தான் பக்கத்தில் இரண்டு கிளை வெடிக்கும், செடி புதர் போல அடைந்து வளரும். ஆடியில் கிள்ளிய பிறகு அத்தையின் செடிகூட இரண்டு கிளையாகப் பிரிந்து, முன்னைவிட அழகாகத்தான் ஆனது.

சித்ரலேகாவுக்கும் அது தெரியும். செடி முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். வாயை ஒரு பக்கமாகக் கோணினாள். நகத்தைக் கொழுந்தில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவளால் முடியவில்லை. உலகத்தில் இருந்ததே அந்த ஒரு செடிதான்.

நிமிர்ந்து எதிர்ப்படியைப் பார்த்தாள்.

"ஏட்டி டார்லின், இங்கன வா."

டார்லின் தெருவைக் கடந்து வந்தாள். வரும்போதே அவள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது, தண்ணீரோடு.

சித்ரலேகா நகர்ந்து இடம் விட்டாள்.

"நீ கிள்ளு" என்றாள். "உனக்குத்தான் பழக்கம்."